தண்ணீர் செய்த மலைநாடு

ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்து அளந்தாலும் நூறு மில்லிமீட்டரை எட்டுவது அரிதாகிய ஒரு நகரத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன், அந்நகரத்தையும் அதைச் சூழ்ந்த மலைநாட்டையும் ஆக்கி வைத்தது தண்ணீர்தான் என்று தொடங்கினால், வாசகர்கள் புருவத்தை நெரிப்பது இயல்பே. தென்னமெரிக்காவிலே, பெரு நாட்டின் தென்பகுதியிலே, பசிபிக் சமுத்திரக் கரையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே, 2,335 மீட்டர் உயரத்தில் அமைந்த அரெக்கிப்பா நகரம் பாலைவனத்தின் விளிம்பில் நிற்பது. சிலி என்ற பெயருடைய சிற்றாறு ஒன்று (அண்டை நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) மேட்டுநிலத்து நீரைக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால், அங்கே ஒரு கீரைப்பாத்திகூடப் பச்சென்று நிற்காது. ஆயினும் நகரத்தின் சுவர்களைத் தொட்டுப் பார்த்து, அங்கிருந்து வடக்கே மலையேறி, கோல்கா ஆற்றின் பள்ளத்தாக்கு வரைக்கும் நம்மோடு பிரயாணம் செய்கிறவர், வழியில் காணும் ஒவ்வொன்றிலும் தண்ணீரின் கைவேலையைக் காணாமல் திரும்ப முடியாது.

முதலில் மலைகளைப் பார்ப்போம், பார்க்காமலிருக்கவும் வழியில்லை. நகரத்தின் எந்தத் தெருமுனையில் நின்றாலும் வடகிழக்கே 5,822 மீட்டர் உயரமுள்ள மிஸ்தி எரிமலை, யாரோ அளவெடுத்துக் குவித்து வைத்தாற்போன்ற கூம்பாக எழுந்து நிற்கிறது. அதற்கு ஒருபுறம் ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய சாச்சானியும், மறுபுறம் பல்வரிசையாகச் சிகரங்கள் கொண்ட பிச்சு பிச்சுவும் காவல் இருக்கின்றன. இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? சமுத்திரத்தின் அடித்தளமாகிய நாஸ்கா தகடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வீதம், தென்னமெரிக்கக் கண்டத்தின் அடியிலே சரிந்து புகுந்துகொண்டிருக்கிறது. இரண்டு பாறைத் தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் உண்டாகும் உஷ்ணமே எரிமலைகளுக்குக் காரணம் என்று பலர் நினைப்பதுண்டு, உண்மை வேறு. கீழே இறங்கும் தகடு கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் கிடந்தது ஆகையால், அதன் கனிமங்களுக்குள்ளே கடல்நீர் கட்டுண்டு கிடக்கிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்தை அடையும்போது, அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் அக்கனிமங்கள் சிதைந்து, தம்முள் இருந்த நீரை மேலேயுள்ள பாறைக்குள் விட்டுவிடுகின்றன. அந்தப் பாறை ஏற்கெனவே கடுமையாகச் சூடேறியிருப்பது. அழுத்தத்தின் மிகுதியால் மட்டுமே உருகாமல் கெட்டியாக இருப்பது. நீர் கலந்தவுடன் அதன் உருகுநிலை நூற்றுக்கணக்கான டிகிரி தாழ்ந்துபோகவே, அது உருகத் தொடங்கி, இலேசாகி, மேலே வழி தேடிப் புறப்படுகிறது. மிஸ்தியின் வயிற்றில் எரியும் நெருப்பு, சமுத்திரத்தின் நீர் மூட்டிய நெருப்பு என்று சொன்னால் அதில் அலங்காரம் எதுவுமில்லை.

நகரத்துக்குள் நுழைவோம். 1540-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி கார்சி மனுவேல் தே கார்பகால் என்ற ஸ்பானியர் ஸ்தாபித்த இந்நகரின் பழைய பகுதி முழுவதும், கோயில்கள், மாளிகைகள், மடங்கள், வளைவுமண்டபங்கள் எல்லாம், சியார் என்று அவ்வூரார் அழைக்கும் வெள்ளைக் கல்லினால் கட்டப்பட்டவை. நண்பகலில் பிரதான சதுக்கத்திலே நின்றால் கண் கூசும். நெருங்கிச் சென்று ஒரு சுவரைக் கூர்ந்து நோக்கினால், அது தூரத்தில் தோன்றியதுபோல வழவழப்பான கல் அன்று என்பது புலப்படும்: ஆப்பத்தின் நடுப்பகுதியிலே காணும் கண்களைப் போலக் கல் முழுவதும் நுண்துளைகள், இடையிடையே நகக்கண் அளவிலிருந்து முட்டை அளவு வரையில் நார்நாரான சாம்பல்நிறத் துண்டுகள், அவற்றினூடே மினுக்குகின்ற கருந்துகள்கள். அந்த நார்த்துண்டுகள் நுரைக்கல். அவைதாம் இக்கல்லின் பூர்வகதையைச் சொல்லுகின்றன.

பாறைக்குழம்பு மேலே ஏறும்போது அதில் கரைந்திருக்கும் நீர், அழுத்தம் குறையக் குறைய ஆவியாகிக் குமிழி விடுகிறது. குழம்பு நீர்த்திருந்தால் குமிழிகள் எளிதில் வெளியேறி, எரிமலை சாந்தமாக ஒழுகும். அந்திஸ் மலைகளின் குழம்போ சிலிக்கா மிகுந்து, பிசினைப்போல இறுகியது. குமிழிகள் வெளியேற மாட்டாமல் உள்ளேயே பெருத்து, கடைசியில் முழுக் குழம்பையும் நுரையாக்கித் தூள்தூளாக வெடிக்கச் செய்கின்றன. ஏறத்தாழ 16 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இப்பொழுது சாச்சானியின் அடியிலே புதையுண்டு கிடக்கும் வாய்களிலிருந்து அப்படி வெடித்தெழுந்த சாம்பலும் நுரைக்கல்லும் கொதிக்கும் வாயுக்களும் ஒன்றாகக் கலந்து, பல நூறு டிகிரி வெப்பத்தோடு, வெள்ளம் பாய்வதைப் போலப் பள்ளங்களை நிரப்பிக்கொண்டு பாய்ந்தன. அது ஓய்ந்தபின், படிவின் உள்ளே அகப்பட்ட சூடான ஆவி மெல்ல மெல்ல வெளியேறுகையில், துகள்களுக்கிடையே புதிய படிகங்களை வளர்த்து, தூளைக் கல்லாகப் பிணைத்துவிட்டது. இவ்வாறு உண்டான பாறையை இக்னிம்பிரைட் என்பர் விஞ்ஞானிகள்.

நகரத்தின் புறத்தே, அஞாஷ்வாய்க்கோ என்னும் வறண்ட பள்ளத்தில், இன்றும் கல்வெட்டுவோர் இதனைக் கையினாலேயே வெட்டுகிறார்கள். செங்குத்தான வெள்ளைச் சுவரிலே ஆப்புகளை வரிசையாக அடித்து, பெரும் பாளம் ஒன்றைப் பிளந்து வீழ்த்தியபின், முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, உளியும் சம்மட்டியுமாக அதைச் சதுரிப்பார்கள். தச்சன் மரத்தை இழைக்கிற அளவுக்கு இந்தக் கல் உளிக்கு இணங்கும். அந்த இணக்கத்தைக் கண்ட பழைய சிற்பிகள் சும்மா விடவில்லை. ஸ்பானியக் கோயில் முகப்புகளிலே சுதேசிக் கைகள் திராட்சைக்கொடிகளுக்கிடையே தங்கள் நாட்டு மலர்களையும் விலங்கு முகங்களையும் செதுக்கிவிட்டன. 1579-இல் தோன்றிய சாந்தா கத்தலினா கன்னிமடம், இருபதாயிரம் சதுர மீட்டர் பரப்பிலே தெருக்களும் முற்றங்களும் உடைய ஒரு குட்டி நகரமாகவே இக்கல்லில் வளர்ந்தது; 1970 வரையில் அயலாருக்கு அதன் கதவு திறக்கவில்லை.

கல் மெத்தென்றிருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. சமுத்திரத் தகடு சரிந்து புகுவது சீராக நடப்பதன்று. பல ஆண்டுகள் சிக்கி நின்று, திடீரென்று நழுவுவது. அப்படி நழுவும்போதெல்லாம் இந்நகரம் அதிர்ந்திருக்கிறது: 1582, 1687, 1784, 1868 என்று பூகம்ப ஆண்டுகளின் வரிசை நீளுகிறது. சுவர்களை ஆள் கையை நீட்டினாலும் மறுபுறம் எட்டாத கனத்திலும், கூரைகளை மரமின்றி வளைவிலும் கட்டி, தாங்கு சுவர்களை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள் அவ்வூர்க் கொத்தர்கள். அப்படியிருந்தும் 2001-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி, 8.4 அளவில் நேர்ந்த பூகம்பத்தில் பேராலயத்தின் கோபுரங்களில் ஒன்று இடிந்து வீழ்ந்தது. அதை மீண்டும் அதே வெள்ளைக் கல்லால் எழுப்பிவிட்டனர்.

எரிமலையின் தீங்கு பிறந்த இடத்தோடு நிற்பதுமில்லை. 1600-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், நகரத்திலிருந்து எண்பது கிலோமீட்டர் தொலைவுக்குள்ளே, பெரிய மலையென்று சொல்லத் தகுந்த உருவம்கூட இல்லாத வய்னாபுட்டினா வெடித்தது. தென்னமெரிக்காவில் மனிதர் எழுதிவைத்த சரித்திரத்தில் அதனினும் பெரிய வெடிப்பு இல்லை. அரெக்கிப்பாவின் மீது நாட்கணக்கில் சாம்பல் பொழிந்தது, பகல் இருண்டது, கூரைகள் பாரம் தாங்காமல் சரிந்தன. கந்தக ஆவி மேல்வளிமண்டலத்தில் நீரோடு கூடி நுண்திவலைகளாகப் பரவி, சூரிய வெளிச்சத்தை மறைத்தமையால், மறு ஆண்டு வடகோளார்த்தத்தின் கோடை குளிர்ந்துபோயிற்று. ருஷ்யாவிலே 1601 முதல் 1603 வரையில் விளைச்சல் பொய்த்து, பயங்கரமான பஞ்சம் தலைவிரித்தாடியதற்கு இவ்வெடிப்பே காரணம் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். மாஸ்கோவில் பட்டினி கிடந்தவர்களுக்கு அந்திஸ் மலை என்ற ஒன்று இருப்பதே தெரிந்திருக்க நியாயமில்லை.

தண்ணீர் இருப்பதன் பயனை இவ்வளவு சொன்னோம். இல்லாததன் பயன் ஒன்றையும் சொல்லிவிட்டே நகரத்தை விட்டுப் புறப்பட வேண்டும். கிழக்கிலிருந்து வரும் அமேசான் ஈரக்காற்றை அந்திஸ் தடுத்துவிடுகிறது. மேற்கே கடலோரமாக ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மேகம் உயர்ந்து மழையாவதற்கு இடங்கொடுப்பதில்லை. ஆகையால் அரெக்கிப்பாவின் ஆகாயம் ஆண்டின் பெரும்பகுதி மேகமின்றித் துடைத்து வைத்தாற்போல இருக்கும். வட அமெரிக்காவிலிருந்து காண முடியாத தென்வானத்தைப் படம்பிடிக்க இடம் தேடிய ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தார், 1890-ஆம் ஆண்டளவில் இங்கே வந்து தொலைநோக்கிகளை நிறுவினர். 1893-இல் மிஸ்தியின் உச்சியிலேயே ஒரு வானிலைக் கருவிக்கூடத்தை வைத்தனர். உலகத்தில் அன்றைக்கு அதனினும் உயர்ந்த இடத்தில் அத்தகைய நிலையம் வேறில்லை. கருவிகளைக் கோவேறு கழுதைகள் சுமந்தன.

அவர்கள் இரவுதோறும் எடுத்த கண்ணாடித் தகடுகள், மலையிறங்கிக் கப்பலேறி மாசசூசெட்சு மாகாணத்தை அடைந்தன. அங்கே, பெரு நாட்டுக்கு ஒருமுறையும் வராத ஹென்ரியெட்டா லெவிட் என்ற அம்மையார், உருப்பெருக்கியின் கீழே அத்தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மெகல்லன் மேகங்கள் எனப்படும் இரு நட்சத்திரக் கூட்டங்களில் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்கள் 1,777-ஐ எண்ணி 1908-இல் வெளியிட்டார். 1912-இல், அவற்றுள் 25-ஐ எடுத்துக்கொண்டு, அதிகப் பிரகாசமானவை அதிக நாள் எடுத்து ஒளி மாறுகின்றன என்ற நியதியை நிலைநாட்டினார். ஒளி மாறும் காலத்தை அளந்தால் நட்சத்திரத்தின் உண்மைப் பிரகாசம் தெரியும்; அது தெரிந்தால் தூரம் தெரியும். இந்த அளவுகோலைக் கொண்டுதான் எட்வின் ஹப்பிள், ஆந்திரமேடா என்ற புகைமண்டலம் நம் நட்சத்திரக் கூட்டத்துக்கு அப்பாற்பட்ட தனிக் கூட்டம் என்பதைப் பின்னர் நிரூபித்தார். பிரபஞ்சத்தின் விஸ்தாரத்தை அளக்க முதல் முழக்கோலைத் தந்தது அரெக்கிப்பாவின் மழையின்மை என்பது என் அபிப்பிராயம். 1927-இல் தொலைநோக்கிகள் தென்னாப்பிரிக்காவுக்குப் பெயர்ந்தன. நகரத்தில் இன்று அதை நினைவுகூருவோர் சொற்பம்.

கோல்காவுக்குச் செல்லும் பாதை சாச்சானியைச் சுற்றிக்கொண்டு மேட்டுநிலத்தில் ஏறுகிறது. மஞ்சள் பாய்ந்த புல்லைத் தவிர வேறொன்றும் வளராத சமவெளியில், மெல்லிய கழுத்துடைய விகூஞாக்கள் மேய்ந்துகொண்டிருக்கும். ஒட்டகத்தின் இனத்தைச் சேர்ந்த இவற்றின் ரத்தம், அருகிய காற்றிலும் பிராணவாயுவை இறுகப் பற்றும் ஆற்றல் வாய்ந்தது. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாதையின் உச்சமாகிய பட்டபம்பாக் கணவாய் 4,910 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 55 சதவிகிதமே. வண்டியை விட்டிறங்கிப் பத்தடி வைத்தவுடன் நெஞ்சு படபடக்கும், தலை கனக்கும், வயிறு புரட்டும். இதனைச் சொரோச்சே என்று சொல்லி, கோக்கா இலை ஊறிய வெந்நீரை நீட்டுவார்கள் அவ்வூரார். உயரத்துக்கு வந்த ஓரிரு நாட்களிலே நம் ரத்தத்தில் சிவப்பணு விகிதம் கூடிவிடுவதைச் சோதனையில் காணலாம். ஆனால் அதற்குள் புதிய அணுக்கள் உற்பத்தியாகிவிட்டன என்று எண்ணலாகாது. உடம்பு செய்கிற தந்திரம் வேறு: ரத்தத்திலுள்ள நீரில் ஒரு பகுதியை வெளியேற்றி, இருக்கிற அணுக்களையே செறிவாக்கிக்கொள்ளுகிறது. உண்மையாகவே புதிய அணுக்கள் பெருக வாரக்கணக்கு ஆகும். அவை அளவுக்கு மீறிப் பெருகினால் ரத்தம் தடித்து, உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குங்கூட நோயாக முடியும். இந்நோயை 1925-இல் எடுத்துரைத்த பெருநாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கேயின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது.

கணவாயில் மூச்சு நிதானப்பட்டபின் மேற்கே நோக்கினால், 6,288 மீட்டர் உயரமுள்ள அம்பாட்டோவும், அதை ஒட்டிப் புகைந்துகொண்டிருக்கும் சபன்காயாவும் தெரியும். 1995-ஆம் ஆண்டு செப்டம்பரில், சபன்காயா உமிழ்ந்த கருஞ்சாம்பல் அம்பாட்டோவின் வெண்பனி மீது படிந்து, வெயிலின் உஷ்ணத்தை உறிஞ்சி, ஐந்நூறு ஆண்டுகளாக உருகாதிருந்த பனியை உருக்கியது. உச்சிக்கு ஏறிச் சென்ற மானிடவியலாளர் யோகான் ரைன்கார்டும், மலையேறி மிகேல் சாராத்தேயும், பனியோடு சரிந்து கிடந்த ஒரு துணிப்பொதியைக் கண்டெடுத்தனர். உள்ளே பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குட்பட்ட ஓர் இன்காச் சிறுமியின் உடல் உறைந்திருந்தது. மலைத்தெய்வத்துக்குப் பலியாக ஈந்த குழந்தை அவள். தலையில் விழுந்த அடியே மரணத்துக்குக் காரணம் என்று ஊடுகதிர்ப் படங்கள் காட்டின. மழைக்கும் ஆற்றுக்கும் அதிபதி மலையே என்பது அம்மக்களின் நம்பிக்கை. அவள் இப்பொழுது அரெக்கிப்பாவின் அருங்காட்சியகம் ஒன்றில், குளிரூட்டிய கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறாள். அவளைக் காட்சியாக வைத்திருப்பது சரிதானா என்று எனக்குத் தீராத சந்தேகம் உண்டு.

கணவாயிலிருந்து பாதை சிவாய் என்னும் சிற்றூருக்கு இறங்குகிறது. இங்கிருந்து கீழ்நோக்கிச் செல்லச் செல்ல, கோல்கா ஆறு நிலத்தை மேலும் மேலும் ஆழமாக அறுத்துக்கொண்டு போய், கபனகொண்டே ஊரை அடுத்து, உச்சியிலிருந்து அடிவரையில் மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தாக்காகிறது. வட அமெரிக்காவின் புகழ்பெற்ற கிராண்டு கேன்யன் இரண்டாயிரம் மீட்டரை எட்டாதது. நிலம் உயர்ந்துகொண்டே வருகையில் ஆறு தன் பாதையை விடாமல் அறுத்துக்கொண்டே இருந்ததன் விளைவு இது. அண்டையிலுள்ள, இதனினும் ஆழமான கோட்டவாசிப் பள்ளத்தாக்கில் இவ்வறுப்பு ஏறத்தாழ 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேலை முடிந்துவிடவும் இல்லை. மலைச்சரிவு ஆற்றை அடைத்துப் பழங்காலத்தில் உண்டான ஏரியின் வண்டல் மீது அமைந்திருக்கும் மாக்கா என்ற ஊர், அவ்வண்டலோடு சேர்ந்து மெல்ல ஆற்றை நோக்கி நழுவிக்கொண்டிருக்கிறது. அதன் வழியாகச் செல்லும் சாலையைப் போடுவதும் அது விரிசல் விடுவதும் மாறிமாறி நடக்கின்றன. 2020 ஜூன் மாதத்தில் அச்சோமா ஊரின் அருகே ஒரு சரிவு பெயர்ந்து ஆற்றையே மறித்துவிட்டது.

விடியற்காலையில் பிரயாணிகள் கூடுவது குருஸ் தெல் கோண்டோர் என்ற விளிம்பிலே. வெயில் பாறைச்சுவரைச் சுடவைத்துக் காற்று மேலெழத் தொடங்கும்வரை ஒன்றும் நிகழாது. பிறகு அடியாழத்திலிருந்து வட்டமிட்டபடி காண்டோர்க் கழுகு எழுந்து, கண்ணுக்கு நேரே கடந்து போகும். மூன்று மீட்டர் விரிந்த இறக்கை. அதன் நுனியிலே விரல்களைப் போலப் பிரிந்து, காற்றின் ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனியே மடங்கி நிமிரும் இறகுகள். பதினைந்து கிலோ வரையில் உடல் எடை. இவ்வளவு பாரத்தை இறக்கையடித்துத் தூக்குவது கட்டுப்படியாகாது. படகோனியாவில் இப்பறவைகளுக்குக் கருவி பொருத்தி ஆராய்ந்ததில், பறக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்கே அவை இறக்கையடிக்கின்றன என்றும், ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கு மேல், 172 கிலோமீட்டர் தூரம், ஒருதரமும் அடிக்காமல் சென்றதென்றும் 2020-இல் வெளியாயிற்று. இதில் மட்டும் தண்ணீரின் பங்கு என்ன என்று கேட்பவருக்கு, அந்தச் சுவரை நிறுத்தி வைத்தது ஆறு என்பதே பதில்.

பறவையைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் உடனே வண்டியேறிவிடுகிறார்கள். நான் சொல்லுவது, ஒரு நாள் தங்கிச் சிவாய்க்கும் கபனகொண்டேக்கும் இடையே உள்ள படிவயல்களில் நடக்க வேண்டும். கொல்யாகுவா, கபனா என்னும் மக்கள், இன்காக்கள் வருவதற்குப் பன்னூறாண்டுகள் முன்னரே, மலைச்சரிவு முழுவதையும் கல்வரப்பு கட்டி ஆயிரமாயிரம் படிகளாக்கினர். ஆளுயர வரப்புச் சுவர் பகலின் வெயிலை வாங்கி வைத்திருந்து இரவில் விடுவதால் உறைபனி தளிரைத் தீய்ப்பது குறைகிறது; நீர், மண்ணை அரித்துச் செல்லாமல், படிக்குப் படி இளைப்பாறி இறங்குகிறது. கொப்போராக்கே ஊர் வயல்களின் மண்ணைச் சோதித்த ஆராய்ச்சியாளர், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் பயிரிட்டும் அதன் வளம் குன்றவில்லை என்று கண்டனர். ஓரிடத்தில் பெரும்பாறை ஒன்றின் முகத்தில், படிவயல்களையும் வாய்க்கால்களையும் விரல் அகலத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்வாய்க்காலில் ஒரு குவளை நீரை ஊற்றினால், அது படிப்படியாகப் பிரிந்து ஓடுவதைக் காணலாம்.

ஆயினும் படிகளில் பாதிக்கு மேல் இன்று தரிசு. ஸ்பானியர் கொண்டுவந்த நோய்களால் மக்கள் மடிந்ததும், எஞ்சியவர்களை வைஸ்ராய் தொலேடோ 1570-களில் புதிய கிராமங்களுக்குள் அடைத்ததும் காரணங்கள். நீர்த்தட்டுப்பாடும் ஒரு காரணம். வடக்கே நிற்கும் மிஸ்மி மலையின் தென்சரிவில் விழும் பனி உருகிக் கோல்காவில் இறங்கிப் பசிபிக்கை அடைய, வடசரிவில் விழுவது ஆப்பூரிமாக் ஆற்றோடு கூடி அமேசான் வழியே அட்லாண்டிக் சமுத்திரத்துக்குப் போய்விடுகிறது. இந்தப் பக்கத்துக்கு வருவது கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தையும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கம் மேலே அணை கட்டித் தடுத்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரும்பாலும் மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியாக, கீழே மாகேஸ் என்னும் பாலைவெளியை வயலாக்கக் கொண்டுசென்றது. கால்வாய் கபனகொண்டேயின் தலைமாட்டிலேயே ஓடியது. ஊராருக்கோ அதிலிருந்து ஒரு சொட்டும் ஒதுக்கப்படவில்லை. அவர்கள் வழக்கம்போல வல்கா வல்கா மலையின் பனிநீரை முறைவைத்துப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். 1983-ஆம் ஆண்டின் கொடிய வறட்சியிலே, மக்காச்சோளம் கருகிப்போவதைப் பார்த்திருந்த அவ்வூர்க் குடியானவர் பதினொருவர் சென்று, கால்வாயின் சுவரை உடைத்து நீரைத் தங்கள் வயலுக்குத் திருப்பினர். அதிகாரிகள் விசாரிக்க வந்தபோது, உடைத்தது நாங்கள் எல்லோருமே என்று ஊர் முழுவதும் திரண்டு நின்றது. முடிவில் அரசாங்கம் அங்கே முறைப்படி ஒரு மதகு வைத்து, ஊருக்கென்று நீர் விட இசைந்தது. அந்த நீரைக் கொண்டு, நெடுங்காலமாகப் புல் மண்டிக் கிடந்த பழைய படிகளில் சிலவற்றை மறுபடியும் திருத்தி, கபனகொண்டே மக்கள் மக்காச்சோளம் விதைத்தார்கள்.